பிள்ளையார் குட்டு

ஜன்னலோரம் மட்டும் கேக்காதீங்க அண்ணாச்சி, அது எம் பொஞ்சாதிக்கு. நடுவுல நான் இருந்துக்கிறேன், நீங்க இந்த ஓரத்துல தாராளமா உக்காருங்க. பையை மேல வச்சிருங்க, எங்க பைக்குப் பக்கத்துலயே வைங்க. அந்தப் பச்சைப் பை எங்களோடதுதான். திருநெல்வேலிக்கா? நாங்களும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளு கிடைச்சிருச்சு.

இல்ல, தூங்கல. அவ அப்படித்தான், வெளிய பாத்துக்கிட்டே வருவா. பேரு சீனியம்மா. நீங்க வணக்கம் சொன்னா திருப்பிச் சொல்ல மாட்டா, தப்பா நெனைச்சுக்காதீங்க. கம்பியில தலை இடிச்சிரக் கூடாதேன்னு துண்டை மடிச்சு அண்டக் குடுத்திருக்கேன் பாருங்க. இந்த ரோட்டுல ஒரு பள்ளத்துல இறங்குனாப் போதும், நங்குன்னு இடிச்சிரும். இனிமே தலையில ஒரு தட்டுகூடப் படக் கூடாதுன்னு மதுரை டாக்டரம்மா சொல்லியிருக்கு.

வெள்ளரிக்காய் எடுத்துக்கோங்க அண்ணாச்சி. அட, கூச்சப்படாம எடுங்க. சாத்தூர்ல ஏறிட்டு வெள்ளரிக்காய் திங்காமப் போறதா? சாத்தூர்ல நம்ம கடை தெரியுமா? வெயில்முத்து பரோட்டாக் கடை. நான்தான் வெயில்முத்து. விருதுநகர்ல இருந்தெல்லாம் வண்டி கட்டி வந்து தின்னுட்டுப் போவாங்க. இப்ப மூடிப் போட்டிருக்கேன். இவளைப் பாப்பேனா, கல்லைப் பாப்பேனா? இந்தக் கையைப் பாருங்க. இருபது வயசுல இருந்து மாவு அடிச்ச கை. மாவைத் தடவிக் குடுத்தா இளகாது, போட்டு அடிக்கணும். தோள்ல இருந்து அடிக்கணும். இப்பவும் சும்மா தொட்டாலே அடிச்ச மாதிரி இருக்கும்னு கூட்டாளிங்க கேலி பண்ணுவாங்க.

திருநெல்வேலியில எம்மக இருக்கா. ஜெயக்கொடி. ஒரே பிள்ளை. அவகிட்டதான் இவளைக் கொண்டுபோய் விடப் போறேன். விடப் போறேன்னா, அவ விடச் சொல்லிட்டா. அவளும் அந்த டாக்டரம்மாவும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. எனக்குப் புடிக்கல அண்ணாச்சி. கட்டுன புருஷன் கல்லு மாதிரி இருக்கும்போது எதுக்கு மக வீட்டுல போய் இருக்கணும்? ஆனா எங்கிட்ட யாரு கேட்டா?

வீட்டுக்குக்கூட வர வேண்டாமாம். ‘பஸ் ஸ்டாண்டுல நிக்கேன், அங்கயே விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருங்க’ன்னு போன்ல சொல்றா. பெத்த தகப்பன்கிட்ட. ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்கன்னு சொல்ல வாய் வரல. சேவு வாங்கி வச்சிருக்கேன் பைக்குள்ள, பேரனுக்கு. அதையாவது வாங்குறாளா பாப்போம்.

என்ன நோவுன்னு கேக்குறீங்க. அதைச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் தெரியல. மொதல்ல உப்புலதான் ஆரம்பிச்சுச்சு. குழம்புல ரெண்டு தடவை போட்டுருவா, இல்லன்னா போடவே மாட்டா. பெறவு அடுப்பை அமத்த மறந்தா. ஒருநாள் கடைக்கு வெங்காயம் உரிக்க உக்காந்தவ, தோலை எல்லாம் சட்டியில போட்டு வெங்காயத்தைக் குப்பையில தட்டிட்டா. ஆளுங்க சிரிக்கிறாங்க. எனக்கு எப்படி இருக்கும்? அதுக்கப்புறம்தான் பெரிய கூத்து. எதுத்துப் பேச ஆரம்பிச்சா! கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்கிட்ட ஒரு சொல்லு எதுத்துப் பேசாதவ, கடை நிறைய ஆளு இருக்கும்போது ‘நீ நாசமாப் போவே’ங்கிறா. சொல்லிட்டு அஞ்சு நிமிசத்துல அழுவுறா. ஏன்டி அழுவுறன்னா தெரியலங்கிறா.

கொழுப்புன்னுதான் நெனைச்சேன். நோவுன்னு யாருக்குத் தெரியும்? வேணும்னே செய்யுறான்னு நெனைச்சு ரெண்டு வச்சேன். மறுபடி மறந்தா, மறுபடி வச்சேன். எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். இப்ப ஒரு வருஷமாக் கை வைக்கல. சுகமில்லாதவளைப் போய் அடிப்பாங்களா? அந்த நியாயம் எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் ஆளைக் காணோம். தேடாத இடமில்ல. கடைசியில பாத்தா பஸ் ஸ்டாண்டுல, திருநெல்வேலி பஸ்ஸுக்குள்ள, மடியில துணிமூட்டையோட உக்காந்திருக்கா. எங்கடி போறேன்னு கேட்டா, ‘எங்கம்மா வீட்டுக்கு, அவருகிட்ட சொல்லிராதீங்க’ன்னு எங்கிட்டயே சொல்றா! அவங்கம்மா செத்து எத்தனையோ வருஷமாச்சு. கட்டுன புருஷனையே அடையாளம் தெரியலயேன்னு அன்னிக்குத்தான் பயம் வந்துச்சு. அந்தப் பஸ் படியிலயே உக்காந்து அழுதேன் அண்ணாச்சி. கண்டக்டர் வந்து தண்ணி குடுத்தார்.

அப்புறம்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். மூளைக்குன்னு தனி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசுதான், எம்மக வயசு இருக்கும். நல்லாத்தான் பேசுச்சு மொதல்ல. ‘வாங்கய்யா, உக்காருங்கய்யா’ன்னு அவ்வளவு மரியாதை. மிஷினுக்குள்ள படுக்க வச்சு மூளையைப் படம் எடுத்தாங்க. அந்தப் படத்தை வெளிச்சத்துல மாட்டி எனக்குக் காட்டுச்சு. வாடுன நெல்லிக்கா மாதிரி சுருங்கிப் போய் இருக்கு. நடுவுல ஒரு சவ்வு இருக்கணுமாம், ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு. இவளுக்கு அது பிரிஞ்சு சந்து விட்டுருக்காம்.

அந்தப் படத்தைப் பாத்துட்டு அது கேட்டுச்சு பாருங்க ஒரு கேள்வி. ‘இவங்க சின்ன வயசுல கபடி, பாக்ஸிங் எதும் ஆடுனவங்களா?’ன்னு. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. நம்ம சீனி, பாக்ஸிங்! அதுவும் சிரிச்சுச்சு. ‘இல்லய்யா, இந்த மாதிரி மூளையை நாங்க அப்படி ஆளுங்ககிட்டதான் பாக்குறது, அதான் கேட்டேன்’னுச்சு. வயசாகி வர்ற மறதி இல்லயாம் இது. இவளுக்கு அந்த வயசும் ஆகல. வருஷக்கணக்காத் தலையில திரும்பத் திரும்ப அடிபட்டவங்களுக்கு, எல்லாம் ஓஞ்சு பல வருஷம் கழிச்சுக்கூட வருமாம். உள்ளுக்குள்ளயே செல்லரிச்சுக்கிட்டு இருக்குமாம். ‘தலையில அடிபட்டது உண்டா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க’ன்னுச்சு.

நான் யோசிச்சேன் அண்ணாச்சி. சத்தியமா யோசிச்சேன். வண்டியில இருந்து விழுந்தது இல்ல. மாடு முட்டுனது இல்ல. தண்ணிக்குடம் சுமந்திருக்கான்னேன், அது கணக்கு இல்லன்னுச்சு. இல்லம்மா, அப்படி ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டேன். அது விடல. இவ பக்கம் திரும்பி, ‘நீங்க சொல்லுங்கம்மா, தலையில அடிபட்டுச்சா?’ன்னு கேட்டுச்சு. இவ என் முகத்தைப் பாத்தா. எப்பவும் அப்படித்தான், ஒரு பதில் சொல்லணும்னா என் முகத்தைப் பாத்துட்டுத்தான் வாயைத் திறப்பா. எல்லாம் மறந்தும் அந்த மரியாதை போகல பாருங்க. என்னைப் பாத்துட்டு, ‘இல்ல’ன்னு தலையாட்டுனா.

புருவத்துக்கு மேல பழைய விரிசல் ஒண்ணு எலும்புல கூடியிருக்குன்னு படத்துல கண்டுபிடிச்சுச்சு. அது துவைக்கிற கல்லுல வழுக்கி விழுந்தது. விழுந்த அன்னிக்குச் சாத்தூர் ஆஸ்பத்திரியில அவளே வாயால சொன்னா, நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த டாக்டர் திருப்பித் திருப்பிக் கேட்டார், இவளும் திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னா. அப்புறம் என்ன? அவளே சொன்னதுக்கு மேல நான் என்ன சாட்சி வைக்க?

ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் ஒரு நாளும் பொம்பளைய முகத்துல அடிச்சவன் இல்ல. எங்க தெருவுல இருக்கான் ஒருத்தன், பொஞ்சாதி கன்னம் வீங்கி ரேஷன் கடையில வந்து நிப்பா. ஊரு பாத்துக் காறித் துப்பும். அவனெல்லாம் மனுஷனா? நான் அந்தச் சாதி இல்ல. கோவம் வந்தாத் தலையில ஒரு குட்டு. மிஞ்சிப் போனா முடியைப் புடிச்சுச் சுவத்துல ரெண்டு முட்டு. முடிக்குள்ள ஒரு தடம் தெரியாது. மறுநாள் பூ வச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா ராசாத்தி மாதிரி இருப்பா. குட்டுறது ஒரு அடியா அண்ணாச்சி? உங்க வாத்தியார் உங்களைக் குட்டலயா? பிள்ளையார் முன்னாடி நின்னு நம்மளே நம்ம தலையில குட்டிக்கலயா? குட்டுனா மூளைக்கு நல்லது, ரத்தம் ஓடும், புத்தி தெளியும்னுதானே பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க? இதைப் போய் டாக்டர்கிட்ட அடின்னு சொல்வாங்களா? எனக்கு நெனைப்பே வரல.

சீனி, வாயைத் திற. இந்தா, விதையில்லாம எடுத்திருக்கேன். மெல்லு. மெல்லு தாயி. அப்படித்தான்.

நான் ஊட்டுனாத்தான் திம்பா. குளிக்க வைக்கிறது நான், சேலை சுத்தி விடுறது நான், தலை வாரி விடுறதும் நான்தான். இந்தக் கைக்கு முடி வாரத் தெரியுமான்னு எனக்கே சந்தேகம், இப்பப் பழகிருச்சு. மண்டையில அங்கங்க மேடும் பள்ளமுமா இருக்கு, சீப்பு தட்டும். தட்டுற இடத்துல மெதுவா சுத்திக்கிட்டுப் போயிருவேன்.

டாக்டரம்மா மாறுனது அந்த நாள்லதான். அதையும் கேளுங்க. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பிள்ளையார் இருக்கார். ரெண்டாந் தடவை போனப்ப, உள்ள போறதுக்கு முன்னாடி அவரைக் கும்பிட்டுப் போவோம்னு நின்னேன். செருப்பைக் கழட்டிட்டு, குட்டிக்கிறதுக்கு ரெண்டு கையையும் தூக்குறேன். இவ பக்கத்துல நின்னவ, சட்டுன்னு குனிஞ்சு ரெண்டு கையையும் தூக்கித் தலைமேல வச்சுக்கிட்டா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. எனக்கு மெய் சிலுத்துருச்சு அண்ணாச்சி! பெத்த மக பேரு மறந்துபோச்சு, புருஷன் முகம் மறந்துபோச்சு, பிள்ளையாரைக் கும்பிடுறது மட்டும் மறக்கல. திரும்பிப் பாக்கேன், டாக்டரம்மா படியில நின்னு எங்களையே பாத்துக்கிட்டு இருக்கு. ‘பாத்தீங்களாம்மா, பக்தி போகல, குணமாயிரும்’னேன். அது படியேறி உள்ள போயிருச்சு.

அப்புறம் எங்களைக் கூப்புட்டு, என்னை உக்காரச் சொல்லல. ‘இவங்க கூட வீட்டுல வேற யாரு இருந்தா?’ன்னு கேட்டுச்சு. மக இருந்தா, கட்டிக் குடுத்தாச்சுன்னேன். மக நம்பரை வாங்கிக்கிட்டு, என்னை வெளிய உக்காரச் சொல்லிட்டு, கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுச்சு. ரொம்ப நேரம் பேசுச்சு. எம்மக கல்யாணம் முடிஞ்சு போனதுல இருந்து பொங்கலுக்குக்கூட வீட்டுக்கு வந்தவ இல்ல. எல்லாம் அவ புருஷன் சொல்லிக் குடுக்குறது. எங்கிட்ட நாலு வார்த்தை சேந்தாப்புல பேச மாட்டா. யாரோ ஒரு டாக்டர்கிட்ட அவ்வளவு நேரம் பேச அப்படி என்ன இருக்கு?

மறுநாளே வந்து நின்னா. அம்மாவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. டாக்டரம்மாவும் அவளும் சேந்து இவ முடியை விலக்கி விலக்கிப் பாத்தாங்க, பேன் பாக்குற மாதிரி. ‘சின்னதுல நான்தான் அம்மாவுக்கு எண்ணெய் தேச்சு விடுவேன், இங்க இங்கன்னு கையில தட்டும்’னு எம்மக காட்டுறா. அந்தம்மா எழுதிக்குது. நான் கதவுகிட்ட திருடன் மாதிரி நிக்கேன்.

கடைசியில எங்கிட்ட வந்து சொல்லுச்சு, ‘எங்களுக்குத் தேவையான விவரம் கிடைச்சிருச்சு, இது அடிபட்டு வந்த நோவுதான்னு நெனைக்கிறோம்’னு. நெனைக்கிறோமா, நிச்சயமான்னு நான் கேட்டேன். சும்மா விடுவேனா? உயிரோட இருக்கும்போது நிச்சயமாச் சொல்ல முடியாதுன்னுச்சு. உயிர் போனதுக்கு அப்புறம் மூளையை எடுத்து, சீவி, கண்ணாடியில வச்சுப் பாத்தாத்தான் முடிவாத் தெரியுமாம். கேட்டீங்களா? அப்ப இப்ப ஒண்ணும் தெரியாதுன்னுதானே அர்த்தம்? தெரியாத ஒண்ணுக்கு எதுக்கு எம் பொஞ்சாதியப் பிரிக்கணும்?

ஆனா நான் இன்னொண்ணும் கேட்டேன். அப்படிப் பெரிய அடி எதும் பட்டதில்லயேம்மா, ஒரு நாள்கூட அவ மயக்கம் போட்டு விழுந்ததில்லயேன்னு கேட்டேன். அது என்னைப் பாத்துச்சு. ‘பெரிய அடி வேண்டியதில்ல. மயக்கம் வராத சின்னச் சின்ன அடி போதும். ரொம்ப வருஷம் விழுந்தா அது போதும்’னுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு. திட்டல, சத்தம் போடல. திட்டியிருந்தா நானும் நாலு கேட்டிருப்பேன். மருந்து என்னன்னு கேட்டேன். தூக்கத்துக்கும் கோவத்துக்கும் மாத்திரை இருக்கு, போனது திரும்பாதுன்னுச்சு. பணம் செலவானாலும் பரவால்ல, மெட்ராசுக்குக் கொண்டு போறேன்னேன். எங்க கொண்டு போனாலும் இதுதான்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்புட்டுருச்சு.

சின்னச் சின்ன அடி. சொல்றதுக்கு லேசா இருக்கு.

கயத்தாறு தாண்டிருச்சா? அப்ப இப்ப ஒரு பிள்ளையார் வருவார் பாருங்க இடது பக்கம், வேப்ப மரத்தடியில. நீங்க நம்ப மாட்டீங்கல்ல, இப்பக் காட்டுறேன். சீனி, அந்தா பாரு பிள்ளையார். கும்பிட்டுக்கோ... நான் குட்டிக்கிறேன் பாருங்க... பாத்தீங்களா! பாத்தீங்களா அண்ணாச்சி! கை தன்னால தலைக்குப் போயிருச்சு. நான் சொல்லல?

ஏன், என்ன ஒரு மாதிரியாப் பாக்குறீங்க? டாக்டரம்மாவும் இப்படித்தான் பாத்துச்சு. சரி, பிள்ளையார்தான் போயிட்டாரே, கையை எடு சீனி. எடு தாயி. எடுக்க மாட்டேங்குறா. கொஞ்ச நேரம் அப்படித்தான் வச்சிருப்பா. நாம வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா எடுத்துருவா. இப்படித் திரும்பிக்கோங்க.

உங்ககிட்ட ஒரு உபகாரம் கேக்கணும் அண்ணாச்சி. நீங்க பாக்கப் பெரிய மனுஷனாத் தெரியுறீங்க, நீங்க சொன்னா எடுபடும். இறங்கும்போது எம்மககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்கப்பா வழி பூரா உங்கம்மாவைக் கண்ணு மாதிரி கூட்டிட்டு வந்தார், தலைக்குத் துண்டு குடுத்தார், வாயில ஊட்டி விட்டார்னு சொல்லுங்க. பொய் இல்லயே, நீங்க பாத்ததுதானே? அதைக் கேட்டா மனசு மாறும். அவகிட்ட விட்டுட்டு வந்தா அந்த வீட்டுல நான் தனியா என்ன செய்வேன்? எனக்கு இவளைத் தவிர யாரு இருக்கா? ஒரு நாள் பிரிஞ்சு இருந்ததில்ல அண்ணாச்சி. அவளும் நான் இல்லாம இருக்க மாட்டா. யாரு தலைவாரி விடுவா? எங்க சீப்பு தட்டும்னு அவங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத்தானே தெரியும்.

தாழையூத்து வந்துருச்சு. இனி டக்குன்னு போயிருவான்.

வந்தாச்சு. அந்தா, தூணு பக்கத்துல மஞ்சச் சேலை, அதான் எம்மக. பாத்துட்டா. சிரிக்க மாட்டா பாருங்க, அவங்கம்மாவைத்தான் பாப்பா. கூட்டம் இறங்கட்டும், நாம மெதுவா இறங்குவோம். சீனி, எந்திரி, உம் மக வந்திருக்கா. இரு, பையை எடுத்துக்கிறேன்.

ஏய். சீனி. பையை எடுக்கத்தான் கையைத் தூக்குனேன். பை. மேல இருக்குல்ல, நம்ம பச்சைப் பை. கையை எடு. எல்லாரும் பாக்குறாங்க. இங்க பிள்ளையார் இல்லயே தாயி. டிரைவர் கிட்ட மாட்டியிருக்கதும் முருகன் படம்தான். இங்க எங்க இருக்கார் பிள்ளையார்?

இங்க பிள்ளையார் இல்லயே அண்ணாச்சி.

எம்மக பாத்துக்கிட்டே நிக்கா. அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்தப் பச்சைப் பையை மட்டும் நீங்க இறக்கிக் குடுத்துருங்க. நான் கையைக் கீழயே வச்சுக்கிறேன்.